தொட்டியில் வைத்த ரப்பர் மரம்

இப்பத்திரிகையில் சோளம், பருத்தி, மஞ்சள், தென்னை முதலிய பயிர்களைப் பற்றியே மாதந்தோறும் எழுதப்பட்டு வருகிறது. திண்ணையில் தொட்டியில் வளர்க்கும் ஓர் அலங்காரச் செடியைப் பற்றி இங்கு எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் செயல்விளக்கத்தின் பொருட்டு நான் செல்லும் ஊர்களில், தோட்டத்துக் காரியம் முடிந்து திண்ணையில் அமர்ந்தவுடன் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று இப்பொழுதெல்லாம் ரப்பர்ச் செடியைப் பற்றியதாகவே இருக்கிறது. இலை பழுத்து உதிர்கிறது என்பார் ஒருவர். செடி கூரையை முட்டிவிட்டது, என்ன செய்வது என்பார் மற்றொருவர். இந்த இரண்டாமவர் தமது கேள்விக்கு விடையையும் தாமே தயாராக வைத்திருப்பார்: “ரொம்பப் பெரிசாப் போச்சுங்க, கெணத்து மேட்டுல எறக்கி வெச்சரலாமுங்களா?”

இவ்விருவருடைய சங்கடத்திற்கும் காரணம் ஒன்றே என்பது எனது அபிப்பிராயம். அச்செடி இன்னதென்று அவர்கள் அறியவில்லை. அது செடியன்று, ஆல் இனத்தைச் சேர்ந்த ஒரு பெருமரம். தொட்டியில் இருக்கும் வரையில் அதனை மரக்கன்றாகவே பாவித்து முறையாகப் பராமரிக்க வேண்டும். தொட்டியை விட்டு வீட்டருகிலோ கிணற்றருகிலோ எக்காரணம் பற்றியும் அதனை இறக்கி வைக்கலாகாது. இவ்விரண்டையும் நமது குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் வற்புறுத்திச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

இது எந்த ரப்பர்?

ரப்பர் மரம் என்ற பெயரால் இரண்டு வெவ்வேறு மரங்கள் வழங்கப்படுகின்றன. மோட்டார் வண்டிச் சக்கரத்திற்கு வேண்டிய ரப்பரைத் தருவது தென் அமெரிக்காவிலுள்ள பிரேஸில் தேசத்து மரம். ஆமணக்கும் மரவள்ளியும் எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ அக்குடும்பத்தையே சேர்ந்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் அமேசான் நதிப் பிரதேசத்திலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவற்றில் முளைத்த கன்றுகளிற் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. கீழைத் தேசங்களின் ரப்பர்த் தோட்டங்கள் அங்கிருந்து பெருகியவையே. நமது மாகாணத்தில் அம்மரம் கன்னியாகுமரி ஜில்லாவில்தான் பெருவாரியாகப் பயிராகிறது.

திண்ணையில் நாம் வைத்திருப்பதோ நமது பாரத தேசத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள அஸ்ஸாம், காசி மலை முதலிய இடங்களிலும், அவற்றையடுத்த பர்மா, மலாய் நாடுகளிலும் காட்டில் தானே வளரும் மரம். தமிழில் இதனைச் சீமை ஆல் என்றும் சொல்வதுண்டு. ஆல், அரசு, அத்தி, இச்சி இவற்றின் உடன்பிறப்பு இது. 1810ஆம் ஆண்டில் ஸில்ஹெட் பக்கத்திலிருந்து தேன் நிறைந்த கூடை ஒன்று கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த டாக்டர் ராக்ஸ்பர்க்குக்கு வந்தது. கூடை ஒழுகாதிருக்க அதன் உட்புறத்தில் ஒரு மரப்பால் பூசப்பட்டிருந்ததைக் கண்டு, அது எம்மரத்தின் பால் என்று அவர் விசாரித்தார். அவ்விசாரணையினால் சாஸ்திர உலகுக்கு அறிமுகமான மரமே இது. பின்னர் 1873ஆம் ஆண்டில் அஸ்ஸாமிலுள்ள சார்துவார் என்னுமிடத்தில் இம்மரத்திற்கென்றே சர்க்கார் தோட்டம் ஒன்று தொடங்கினர். பிரேஸில் மரம் வந்து பரவியதும் இதன் பாலுக்கு மதிப்புக் குறைந்தது. பாலுக்கு மதிப்பிழந்த மரம் இலையழகினால் உலகெங்கும் தொட்டிச் செடியாயிற்று.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. பிரேஸில் மரத்திற்கு ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். சீமை ஆலுக்கு ஒரு காம்பில் ஒரே இலை. அது தடித்து, பளபளத்து, சாணுக்கு மேல் நீண்டிருக்கும். புதுக் கொழுந்தின் மேல் செந்நிறமான உறை ஒன்று மூடியிருந்து, இலை விரிந்ததும் உதிர்ந்துவிடும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணமுண்டு. “திண்ணையில் இவ்வளவு நன்றாக வருகிறதே, ஏக்கர் கணக்கில் நட்டால் பால் எடுக்கலாமல்லவா?” என்று கேட்டவர்களையும் நான் கண்டிருக்கிறேன். வீட்டுச் செடியிலிருந்து வருமானம் ஒன்றுமில்லை. வருமானம் தரும் பிரேஸில் மரத்திற்கோ ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் சுமார் 80 அங்குல மழை வேண்டும். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களின் சமவெளியில் பெய்வது சுமார் 25 முதல் 28 அங்குலமே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. ஆகவே யாரேனும் ரப்பர்க் கன்று என்று சொல்லி நமது மேட்டாங்காட்டுக்கு விற்க வந்தால், எந்த ரப்பர் என்று கேளுங்கள். எதுவாயினும் வாங்காதீர்கள்.

வேரின் வல்லமை

மேகாலய மாகாணத்துக் காசி, ஜயந்தியா மலைவாசிகள் இம்மரத்தின் வேரைக் கொண்டே ஆறுகளுக்குப் பாலம் அமைத்திருக்கிறார்கள். கரையிலுள்ள மரத்தின் இளம் விழுதுகளை மூங்கிலிலும் கமுக மரத்துண்டிலும் வழிகாட்டி எதிர்க்கரைக்குச் செலுத்துவார்கள். அங்கே வேர் மண்ணைப் பற்றியதும் மற்ற விழுதுகளையும் அதனுடன் பின்னிச் சேர்ப்பார்கள். பாலம் நடக்கத் தகுந்ததாவதற்குப் பதினைந்து முதல் முப்பது ஆண்டுகள் வரை செல்லும். அதன்பின் ஆண்டுதோறும் பலம் கூடுமேயன்றிக் குறையாது. ஒரே சமயத்தில் ஐம்பது பேர் நடந்தாலும் தாங்கக்கூடிய பாலங்கள் உண்டு. நாங்கிரியாட் என்னும் ஊரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்குப் பாலமே இருக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இப்பாலங்கள் 2022ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன.

ஆற்றின் குறுக்கே ஐம்பது பேரைத் தாங்கும் வேர், நமது கல்கட்டுக் கிணற்றின் அருகே என்ன செய்யும் என்பதைக் குடியானவர்கள் யோசித்துக்கொள்ளலாம். அந்த மலைகளில் மழைக்குக் குறைவில்லை. சிரபுஞ்சியில் ஆண்டுக்கு 400 அங்குலத்திற்கு மேல் பெய்கிறது. வேர் எத்திசையில் சென்றாலும் அங்கே ஈரம் உண்டு. நமது செம்மண் பூமியிலோ இரண்டு மூன்று அடிக்குக் கீழே பல இடங்களில் சரளையும் ஓடைக்கல்லும் பாறையுமே. கோடையில் ஈரம் நிற்பது கிணற்றோரத்திலும், வாய்க்காலோரத்திலும், தண்ணீர்த் தொட்டியின் அடியிலும், குழாய் மூட்டுகளிலும் மட்டுமே. ஆகவே மழை குறைந்த நம் நாட்டில் இம்மரம் சாதுவாக இருக்கும் என்று எண்ணுவது தவறு. மழை குறைவாயிருப்பதினாலேயே அதன் வேர் கிணற்றையும் குழாயையும் நோக்கிச் செல்கிறது. முதலில் நூல்போன்ற வேர் கல்லிடுக்கில் நுழைகிறது. பிறகு அது உள்ளேயே பருத்துக் கல்லைத் தள்ளுகிறது.

இதனை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. உத்தியோகத்தில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, கீழ்பவானிப் பாசனம் எட்டாத ஒரு மேட்டாங்காட்டு ஊரில் ஒரு பெரியவர் தம் வீட்டு ஆசாரத்தில் வளர்ந்த ஆறடி ரப்பர்ச் செடியைக் காட்டி யோசனை கேட்டார். மோட்டார் அறைக்கும் கிணற்றுக்கும் இடையில், வாய்க்காலின் கசிவு படும் இடத்தில் நட்டால் தனியாகத் தண்ணீர் விட வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். எனக்கு அது அப்பொழுது நல்ல யோசனையாகவே தோன்றிற்று. டிப்ளமா வகுப்பில் ஆல் இனத்தின் குணங்களைப் படித்தவன்தான் நான். ஆனால் தொட்டியில் நின்ற அந்தப் பளபளப்பான செடியை ஆல் என்று என் மனம் எண்ணவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அவ்வூருக்கு மறுபடியும் போனேன். மரம் மோட்டார் அறைக்கு மேலே குடைபோல் கவிந்திருந்தது. அறைச் சுவர் தரையிலிருந்து கூரை வரை பிளந்திருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது, மேலிருந்து ஐந்தாறு அடி ஆழம் வரையில் வேர் சடைசடையாய்த் தொங்கிற்று. இரண்டு வரிசைக் கற்கள் உட்புறமாகப் பிதுங்கி நின்றன. ஒரு கல் ஏற்கெனவே கிணற்றில் விழுந்து, கீழேயிருந்த குழாயை உடைத்திருந்தது. அப்பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஏனுங்க தம்பி, இதுவும் ஆலுங்களா? நீங்க சொல்லலீங்களே” என்று மட்டும் கேட்டார். மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, கிணற்றின் மேற்கட்டைப் பிரித்துக் கட்டியதற்கு அவருக்கு ஒரு போகத்து மஞ்சள் விற்ற பணம் முழுவதும் செலவாயிற்று. அதன்பின் இச்செடியைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இது ஆல் என்றே சொல்லி வருகிறேன்.

ஒரு ஆட்சேபம்

நமது முன்னோர் ஊர்தோறும் ஆலும் அரசும் வைத்தார்களே, அவற்றால் என்ன கெடுதி நேர்ந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் அவற்றை வைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஊர்ப்பொது மந்தை, குளக்கரை, சாலையோரம், கோயிலுக்கு வெளியேயுள்ள மேடை ஆகியவையே அவ்விடங்கள். கோபுரத்திலோ கிணற்றுக் கட்டிலோ காக்கை எச்சத்தினால் ஓர் அரசங்கன்று முளைத்துவிட்டால், அது விரற்கடை உயரத்தில் இருக்கும்போதே பிடுங்கி எறிவார்கள். ஆல், அரசு விஷயத்தில் இவ்வளவு ஜாக்கிரதையுள்ள குடியானவர், கடையில் விலை கொடுத்து வாங்கிய ஆலைத் தம் கையாலேயே கிணற்றோரத்தில் நடுகிறார். தொட்டியில் வந்ததாலும், ஆங்கிலப் பெயருடன் வந்ததாலும் அது ஏமாற்றிவிட்டது. முன்னோரின் விதியை இதற்கும் அப்படியே பிரயோகித்தால் போதும். புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை.

தொட்டியில் வளர்க்கும் முறை

அப்படியானால் இதனை வளர்க்கவே கூடாதா என்றால், அவ்வாறு நான் சொல்லவில்லை. கண்ணுக்கு இனியது, சிறிது கவனித்தால் பல ஆண்டு இருக்கும். கவனிக்க வேண்டியவை பின்வருமாறு.

வெளிச்சம்: கிழக்குப் பார்த்த திண்ணையும், தொட்டிக்கட்டு வீட்டின் முற்றத்தோரத் தாழ்வாரமும் மிகவும் ஏற்றவை. காலை வெயில் நல்லது. சித்திரை, வைகாசியில் உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை கருகும். இருட்டறையில் வைத்தால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, செடி கழிபோல் நெடிதாகிச் சாயும். வெள்ளையும் பச்சையும் கலந்த இலையுடைய வகைகளுக்கு அதிக வெளிச்சம் வேண்டும். ஓரிடத்தில் பழகிய செடியை அடிக்கடி இடம் மாற்றினால் இலை உதிரும்.

காற்று: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று நமது ஜில்லாவின் விசேஷம். அது இலையைக் கிழிப்பதுடன் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அம்மாதங்களில் மேற்குப் பார்த்த திண்ணையிலிருந்து தொட்டியைச் சுவர் மறைவுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நலம்.

தொட்டியும் மண்ணும்: ஒன்றரை அல்லது இரண்டடிக் கன்றுக்குப் பத்து அங்குலத் தொட்டி போதும். அடியில் துவாரம் அவசியம். வண்டிப்பாதைச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணலோ மக்கிய தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு கலந்து நிரப்பலாம். பொள்ளாச்சிப் பக்கத்தில் நார்க்கழிவு எளிதில் கிடைப்பதால் அதனைப் பச்சையாகவே போட்டுவிடுகிறார்கள். அது தவறு, மக்க வைத்து, நீரில் அலசிய பின்னரே உபயோகிக்க வேண்டும். கரிசல் மண்ணை மட்டும் போட்டால் தண்ணீர் வடியாது.

தண்ணீர்: இச்செடிகள் சாவது பெரும்பாலும் தாகத்தினால் அன்று, மிதமிஞ்சிய தண்ணீரினால்தான். வாழைக்கும் மஞ்சளுக்கும் பாய்ச்சிப் பழகிய கை, தொட்டியையும் பாத்தியாக எண்ணிவிடுகிறது. இரண்டு அங்குல ஆழத்தில் விரலை விட்டுப் பார்த்து, மண் உலர்ந்திருந்தால் மட்டும் அடித் துவாரத்தில் வடியும் வரை விட வேண்டும். கோடையில் வாரத்திற்கு இரண்டு மூன்று தடவையும், ஐப்பசி முதல் தை வரை வாரத்திற்கு ஒரு தடவையும் ஏறக்குறையப் போதும். அடியிலைகள் மஞ்சளாகி ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தால் முதலில் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள்.

உப்பு: ஆழ்துளைக் கிணற்று நீர் நம் பக்கத்தில் பல ஊர்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூப்பதும், இலையோரம் பழுப்பாகக் காய்வதும் அதன் அறிகுறி. மழை நீரோ, கிடைக்குமிடத்தில் சிறுவாணி நீரோ விடலாம். இரண்டும் இல்லாவிடில் மழைக்காலத்தில் தொட்டியை இரண்டு நாள் மழையில் வைத்து, உப்பைக் கரைந்து வடிய விடலாம். இலை காய்வதைக் கண்டு தம் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, பயிருக்கும் அது ஆகாதென்று அறிந்து கொண்டவர்களும் உண்டு. அவ்வகையில் இச்செடி ஓர் உபகாரியே.

உரம்: மாசி முதல் புரட்டாசி வரை இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம் போதும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கையளவு போடுவது வேரைச் சுட்டுவிடும்.

இலை: வாரம் ஒருமுறை ஈரத்துணியால் தூசி துடைத்தால் போதும். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் பூசுவது வழக்கமாகி வருகிறது. எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்குமேயன்றி இலைக்கு ஒரு நன்மையும் செய்யாது.

பால்: கொம்பை ஒடித்தாலும் இலையைக் கிள்ளினாலும் வெண்மையான பால் வடியும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கண்ணில் பட்டால் எரியும். தின்றால் வாயும் வயிறும் புண்படும். ஆகவே தவழும் குழந்தைகளுக்கும் நாய், பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வெட்டிய தழையை ஆலந்தழை என்று எண்ணி ஆட்டுக்குப் போட வேண்டாம்.

வெட்டுதலும் பதியமும்: கூரையை முட்டுவதற்கு முன்னரே, நான்கைந்து அடி உயரத்தில் கணுவுக்கு மேலாகத் தலையை வெட்டிவிட வேண்டும். பால் வடிவதை ஈரத்துணியால் ஒற்றினால் சிறிது நேரத்தில் நின்றுவிடும். அதன்பின் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி புதராகும். புதுக்கன்று வேண்டுவோர் ஆவணி முதல் ஐப்பசி வரையில் விண்பதியம் போடலாம். பென்சில் கனமுள்ள கொம்பில் ஓர் அங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான பாசியையோ மக்கிய நார்க்கழிவையோ வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி இருபுறமும் கட்டிவிட்டால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் இறங்கும். இம்மரத்திற்குரிய தனிக் குளவியினம் இல்லாத இடங்களில் முளைக்கத்தக்க விதை உண்டாவதில்லை. ஆகவே பதியமும் கொம்புமே இதனைப் பெருக்கும் வழி.

வேரைக் கத்தரித்தல்: இரண்டு ஆண்டுக்கொருமுறை செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, சுருண்ட வேரில் கால் பங்கை வெட்டிவிட்டுப் புதுமண்ணுடன் திருப்பி வைக்க வேண்டும். தொட்டியின் அளவை இரண்டிரண்டு அங்குலமாக ஏற்றிப் பதினெட்டு அங்குலத்துடன் நிறுத்திவிடலாம். தொட்டியை வெறுந்தரையில் பல மாதம் வைத்திருந்தால் துவாரத்தின் வழியே வேர் நிலத்தில் இறங்கிவிடும். நாம் நடாமலேயே மரம் தன்னை நட்டுக்கொள்ளும். கல்லின்மேலோ சிமெண்டுத் தரையிலோதான் வைக்க வேண்டும்.

பூச்சியும் மருந்தும்

இச்செடியில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் ஒட்டுவதுண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பருத்திக்கு அடித்து மீந்த மருந்தைக் கைத்தெளிப்பானில் ஊற்றித் திண்ணையில் இருக்கும் செடிக்கு அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் விளையாடுமிடத்தில், தானியம் காயுமிடத்தில், வயலுக்குரிய விஷத்தைத் தெளிப்பது பேதைமை. நான்கு செடிக்கு ஒரு துணியும் சோப்பு நீரும் போதும். துடைத்த பின் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்து, தொட்டியை வெளியே எடுத்துச் சென்று மாலை வேளையில் தெளிக்கலாம்.

2008ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களை எவ்வளவு பாழாக்கிற்று என்பது பலருக்கும் நினைவிருக்கும். மருந்தடித்து அதனை ஒழிக்க முடியவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து, நமது வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பெருக்கி விடப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதனை அடக்கிற்று. கண்ட இடத்தில் விஷம் தெளிப்பது இத்தகைய நண்பர்களையே முதலில் கொல்லும் என்பதைத் திண்ணையிலும் மறக்கலாகாது.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

விற்பவர்கள் இச்செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். 1989ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாசா, அடைத்த பெட்டிகளில் சில வீட்டுச் செடிகளை வைத்துச் செய்த பரிசோதனையே இப்பேச்சுக்கு ஆதாரம். அடைத்த பெட்டி வேறு. கதவும் ஜன்னலும் உள்ள வீடு வேறு. 2019ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இத்தகைய பரிசோதனைகள் பலவற்றைத் திரட்டிக் கணக்கிட்டது. சாதாரணமாகக் காற்று வந்து போவதற்குச் சமமான பலன் கிடைக்க வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்பது அதன் முடிவு. நமது திண்ணைக்கும் முற்றத்திற்கும் கணவாய்க் காற்றே போதும். அழகுக்காக வாங்குவதானால் வாங்குங்கள்; மருந்தென்று எண்ணி அதிக விலை கொடுக்க வேண்டாம்.

கிராம அதிகாரிகளுக்கு

ஊராட்சி அலுவலகங்களிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், பள்ளிக்கூடங்களிலும் திறப்பு விழாவுக்கென்று வரிசையாக ரப்பர்த் தொட்டிகள் வைக்கப்படுகின்றன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதி அழுகியும் பாதி காய்ந்தும் இருக்கும். எல்லோரும் ஊற்றினால் அழுகும். யாரும் ஊற்றாவிடில் காயும். தண்ணீர் விடும் பொறுப்பை ஒருவரிடம், பெயர் குறித்து, ஒப்படைத்தால் இவ்விரண்டும் நேராது. அவ்விதம் ஒருவர் கிடைக்காத அலுவலகத்திற்குத் தொட்டியே வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு மற்றொரு விஷயம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, தேங்கி நிற்கும் இத்தகைய சிறு நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் வீடு வீடாகச் சென்று நீர்த்தேக்கத்தைப் பரிசோதிக்கும் அதிகாரிகள், தங்கள் அலுவலகத்துத் தட்டுகளை முதலில் கவிழ்க்கட்டும். தட்டை வாரம் ஒருமுறையேனும் தேய்த்துக் கழுவ வேண்டும். மணல் நிரப்பி வைப்பது இன்னும் நலம்.

மூன்றாவதாக, தொட்டியில் பெருத்த மரத்தை அலுவலக வளாகத்தில் மேல்நிலை நீர்த்தொட்டியின் காலடியிலும் பள்ளிச் சுவரோரத்திலும் இறக்கி வைக்கும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். பொதுப் பணத்தில் கட்டிய சுவர் பிளந்தால் கேட்பாரில்லை என்ற எண்ணம் கூடாது. நிழல் வேண்டுமானால் வேம்பும் புங்கும் இருக்கின்றன. ஏற்கெனவே புறம்போக்கில் நட்டு மரமாகிவிட்டதை அனுமதியின்றி வெட்டலாகாது. முறைப்படி மேலதிகாரிகளுக்கு எழுதி உத்தரவு பெற்ற பின்னரே வெட்ட வேண்டும்.

நட்டுவிட்டவர் செய்யத்தக்கது

சொந்த நிலத்தில் சென்ற ஓரிரு ஆண்டுகளுக்குள் நட்டிருந்தால், காலம் தாழ்த்தாமல் வேரோடு தோண்டித் தொட்டிக்கு மாற்றிவிடலாம். இம்மரம் அதனைத் தாங்கும். மரம் பெரிதாகிவிட்டிருந்தால், கிணற்றுப் பக்கம் ஆழமாகக் குழி வெட்டி எவ்வளவு வேர் சென்றிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தலையை மட்டும் வெட்டுவதால் பயனில்லை, மறுபடியும் துளிர்க்கும். கல்லிடுக்கில் பருத்துவிட்ட வேரை இழுத்துப் பிடுங்கினால் கல்லும் கூட வந்துவிடும். அதை அறுத்துக் காய விட்டு, கட்டுவேலை தெரிந்தவரை வைத்துப் பழுது பார்ப்பதே முறை. இடம் நிறைய உள்ளவர், கிணறு, கட்டிடம், குழாய், சொட்டுநீர்க் குழல் இவை யாவற்றிலிருந்தும் நூறடிக்குக் குறையாத தூரத்தில் ஒரு மரம் வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அவ்வளவு இடத்தை ஒரு மரத்திற்கு ஒதுக்கக்கூடியவர், காய்க்கும் புளியையோ பலாவையோ வைப்பது மேலல்லவா?

மரத்தைத் தொட்டியில் அடக்கி வைப்பது கொடுமை என்று இரக்கப்பட்டுத் தரையில் இறக்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். அந்த இரக்கத்தைக் கன்று வாங்குவதற்கு முன் காட்டியிருந்தால் கன்றுக்கும் நன்மை, கிணற்றுக்கும் நன்மை. வாங்கியபின் செய்யத்தக்கது ஆண்டுக்கொருமுறை தலையை வெட்டுவதும், இரண்டாண்டுக்கொருமுறை வேரை வெட்டுவதுமேயாம்.

நமது பகுதியில் கிணறு என்பது ஒரு தலைமுறையின் உழைப்பு. அப்பன் வெட்டி, மகன் ஆழப்படுத்தி, பேரன் இறைக்கும் கிணறுகள் ஊருக்கு ஊர் உண்டு. இம்மாதம் கிணற்று மேட்டையும் மோட்டார் அறையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, இவ்வினத்துக் கன்று ஏதேனும் அங்கே நிற்கிறதா என்று குடியானவர்கள் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.